அங்க அடையாளம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்
18-1-1970

இந்திராணிக்கு,

நீ என் பெயரைத் திருடிக்கொண்டு கப்பல் ஏறினாய். புருஷனையும் சேர்த்துத்தான் கொண்டுபோனாய், ஆனால் அதை நான் இரண்டாவதாகத்தான் சொல்வேன். புருஷன் இல்லாத பெண்கள் இந்தத் தெருவில் எத்தனையோ பேர். பெயர் இல்லாதவள் நான் ஒருத்திதான்.

உறையின் மேல் 'திருமதி நீலாம்பாள் சபாபதி, பினாங்கு' என்று எழுதியிருக்கிறேன். வேறு எப்படி எழுதினாலும் உன்னிடம் வந்து சேராது. தபால்காரர் அர்ஜுனன் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, உன் பேருக்கு நீயே லெட்டர் போட்டுக்கினு இருக்குற? பதிலும் நீயே எழுதிக்குவியா?" என்று சிரித்தார். எதிர்வீட்டு சம்பூர்ணம் சும்மா இருப்பாளா? "அவ பேரு பினாங்குல சொகுசா இருக்குதுபா. ஆளு மட்டும் இங்க தறிக் குழியில குந்திக்கினு இருக்குது" என்றாள். தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

போகி அன்று சபாபதியின் கடிதம் வந்தது. எனக்குத் தாலி கட்டியவன் ஆறு வருஷம் கழித்து எழுதுகிறான். எப்படி ஆரம்பிக்கிறான் தெரியுமா? 'சௌபாக்கியவதி மைத்துனி இந்திராணிக்கு ஆசீர்வாதம்.' யாராவது பிரித்துப் படித்துவிட்டால் மாட்டிக்கொள்வானாம்.

போன வருஷக் கலவரத்துக்குப் பிறகு அங்கே குடியுரிமை இல்லாதவர்களின் தாள்களையெல்லாம் சோதிக்கிறார்களாம். ஏப்ரல் முப்பதாம் தேதிக்குள், அவனோடு இருப்பவள் அவன் மனைவி நீலாம்பாள்தான் என்று சொந்த ஊரிலிருந்து சான்று வர வேண்டுமாம். அப்பா இல்லாததால் கூடப் பிறந்தவள் தாலுக்கா ஆபீசில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டுமாம். அதாவது நான் போய் நின்று, 'என் பெயர் இந்திராணி. என் அக்கா நீலாம்பாள் 1964ல் புருஷனோடு பினாங்கு போனாள்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

எழுதிக் கொடுக்கிறேன். பதிலுக்கு எனக்கு ஒன்று வேண்டும்.

நீங்கள் கப்பல் ஏறிய இரண்டாம் மாதம் வடிவாம்பாள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் தாயின் பெயர் கேட்டபோது அப்பா என்னை முந்திக்கொண்டு 'இந்திராணி' என்றார். நீலாம்பாள்தான் கடல் தாண்டிப் போய்விட்டாளே! கல்யாணமாகாத இந்திராணிக்குப் புருஷன் ஏது? பதிவுப் புத்தகத்தில் தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு இழுத்தார்கள். வருகிற ஜூனில் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். "தகப்பன் கைப்பட ஒரு லெட்டர் வாங்கியாந்துடும்மா. கோடு போட்ட புள்ளைய நான் சேத்துக்க முடியாது" என்கிறார் ஹெட்மாஸ்டர்.

இப்போது அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் தெரியுமா? தறியில் நீ உட்கார்ந்த இடத்தில். கரை ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாகக் கோர்த்து நெய்ய எதிர்ப்பக்கம் இன்னொரு கை வேண்டுமே. நீ போன மறுநாளிலிருந்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு நான் உட்கார்ந்தேன். அப்பா போன பிறகு அவர் இடத்துக்கு நான் மாறினேன். என் இடத்துக்கு ஆறு வயது நிரம்பாத பெண் வந்துவிட்டாள். பட்டு கொடுக்கிற முதலாளிக்கு மகா சந்தோஷம். "பள்ளிக்கூடம்லாம் எதுக்குமா? கை பழகிடுச்சி பாரு" என்கிறான். அவன் பேரன் கான்வென்ட் போகிறான்.

சபாபதியை எழுதச் சொல். எழுதினால் சான்று வரும்.

நீலாம்பாள்

*

பினாங்கு
3-2-1970

அக்காவுக்கு,

இந்திராணி எழுதுவது. இந்தப் பெயரை எழுதி எத்தனை நாளாயிற்று! கை தானாக நீலாம்பாளின் 'நீ' என்றே ஆரம்பித்தது. முதல் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

திருடினேன் என்கிறாய். திருட வந்தவளுக்கு வீட்டுக்காரியே தலை பின்னிப் பூ வைத்து அனுப்புவாளா? ஒரு வாரம் முழுக்க என்னைச் சமையல்கட்டில் நிறுத்தி, "உன் பேர் இன்னா? புருஷன் பேர் இன்னா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே. நான் இந்திராணி என்று உளறினால் தொடையில் கிள்ளினாயே. அதெல்லாம் மறந்துபோயிற்றா?

மறந்திருந்தால் நான் சொல்கிறேன். அறுபத்து நாலு மார்ச். சபாபதி மாமாவுக்கும் உனக்கும் சேர்த்து ஒரே பாஸ்போர்ட். அதில் உன் போட்டோ. நீ இங்கே இறங்குவதற்கு வந்த பெர்மிட் ஏப்ரலோடு செல்லாமல் போய்விடும். உனக்கோ ஏழு மாசம், கப்பலில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெர்மிட் என்றால் என்னவென்று நம் வீட்டில் யாருக்குத் தெரியும்? அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் தறிதான். "அதுவும் தறியில நீளவாக்குல ஓடுற பாவு நூல் மாதிரிதாம்மா. நெய்ஞ்சி முடிஞ்சதும் அச்சுலேர்ந்து மொத்தமா அறுத்துட்டா மறுபடியும் மொதல்லேர்ந்து கோக்கணும். ஒரு சாண் நுனிய விட்டு வெச்சா புதுப் பாவ இழைக்கு இழை அதுல பிணைச்சிக்கலாம். சின்னவ நுனி மாதிரி போய் மூணு மாசம் இருந்துட்டு வரட்டும். குழந்த பொறந்தப்பறம் நீ போய்ப் பிணைஞ்சிக்கோ" என்றார். நீ "சரிப்பா" என்றாய். என்னை யாரும் கேட்கவில்லை.

பாஸ்போர்ட்டில் அங்க அடையாளம் என்று ஒரு வரி இருந்தது. இடது முன்கையில் பிறை வடிவத் தீக்காயத் தழும்பு. சாயக் கொப்பரையின் விளிம்பு பட்டு சின்ன வயசில் உனக்கு வந்தது. என் கையில் அது இல்லை. முகம் ஒரே மாதிரி இருக்கிறது, கையைத்தான் பார்ப்பார்கள் என்றார் மாமா. இரும்புக் கரண்டியை அடுப்பில் காய்ச்சியது நீ. என் கையை அம்மியின் மேல் அழுத்தியதும் நீதான். தொட்டு எடுத்தால் போதும் என்று மாமா சொன்னார். நீ எடுக்கவில்லை. நான் அலறிய பிறகும் எடுக்கவில்லை. உன் தழும்பைவிட என்னுடையது இரண்டு மடங்கு ஆழம். ஏன் அக்கா அப்படிச் செய்தாய்?

இங்கே நான் சீமாட்டியாக இருக்கிறேன் என்று சம்பூர்ணம் நினைக்கலாம். துணிக்கடையின் மாடியில் ஒரு அறை. விடிவதற்குள் எழுந்து கடை ஆட்கள் ஒன்பது பேருக்குச் சமைக்கிறேன். மத்தியானம் தவறாமல் மழை பெய்கிறது. துவைத்த துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை, உடம்பிலேயே ஈர வாடை. எதிர் அறையில் ஒரு சீனக் கிழவி இருக்கிறாள். தினமும் என்னைப் பார்த்து "நீலா, சுடா மக்கான்?" என்று கேட்பாள், சாப்பிட்டாயா என்று அர்த்தம். இந்த ஊரில் என்னை அப்படிக் கேட்கிறவள் அவள் ஒருத்திதான். அவளும் உன்னைத்தான் கேட்கிறாள்.

காஞ்சிபுரம் சேலைக்கு யாராவது வந்தால் பிரித்துக் காட்ட என்னைக் கீழே கூப்பிடுவார்கள். போன மாதம் ஒரு சேலையில் எதிர்க்கரை ஓரம் ஒரு விரல்கடை தளர்ந்து இருந்தது. யார் வீட்டுத் தறியோ, சின்னக் கை போட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. அந்த இடத்தை மடித்து மறைத்துவிட்டுக் காட்டினேன்.

இது தீவு. நாலு பக்கமும் கடல். அக்கரைக்குப் போக பெர்ரி ஏற வேண்டும். துறையில் போலீஸ்காரனைக் கண்டால் இன்றைக்கும் வளையலை மேலே தள்ளித் தழும்பு தெரிகிற மாதிரி கையை வைத்துக்கொள்கிறேன். அம்சாவுக்கு நாலு வயது. அவளுடைய பிறப்புச் சீட்டிலும் அம்மா பெயர் நீலாம்பாள்தான். சான்று வராவிட்டால் அவளையும் என்னையும் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். அங்கே வந்து நான் யார் என்று சொல்வது?

ஆஸ்பத்திரியில் அந்தக் கோட்டைப் போடச் சொன்னது நான் இல்லை. சான்றை அனுப்பு அக்கா. கடிதத்துக்கு நான் பாடுபடுகிறேன்.

இந்திராணி

*

பிள்ளையார்பாளையம்
20-2-1970

இந்திராணிக்கு,

ஏன் எடுக்கவில்லை என்று கேட்டிருக்கிறாய். கரண்டி காய்ந்துகொண்டிருந்தபோது அவன் உன் கையைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தான். "பயப்படாதே, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றான். நான் கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் குரலில் அவன் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. அதனால்தான் எடுக்கவில்லை. போதுமா?

அது தெரிந்தும் ஏன் அனுப்பினாய் என்று கேட்பாய். அனுப்பாமல் இருக்க என்னை யார் விட்டார்கள்? பெர்மிட் போனால் மாப்பிள்ளை போய்விடுவான் என்று அப்பா அழுதார். மூத்தவளைக் கொடுத்தாயிற்று, அவனைப் பிடித்து வைக்க இளையவளையும் கூட அனுப்புவது. ஆண்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். நாம் இரண்டு பேரும் சமையல்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

பாவு நுனியைப் பற்றி அப்பா சொன்னதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறாய். ஒன்றை அவர் சொல்லவில்லை. புதுப் பாவு ஏறி ஒரு முழம் நெய்ததும் பழைய நுனியை அறுத்துக் குப்பையில் போட்டுவிடுவோம். அந்த நுனி நீ என்று நினைத்துத்தான் உன்னை அனுப்பினேன். குப்பைக்கு வந்தது நான்.

உன் மழையையும் ஈரத் துணியையும் படித்து எனக்கு இரக்கம் வரவில்லை. இங்கே ரேஷன் கார்டில் நான் இந்திராணி. நெசவாளர் சங்கத்தில் இந்திராணி. போன வருஷம் வாலாஜாபாத்திலிருந்து இந்திராணியைப் பெண் கேட்டு வந்தார்கள், தெரியுமா? என் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு நான் பதில் சொன்னேன்.

அவன் எழுத வேண்டியதை இங்கேயே எழுதித் தருகிறேன். அவன் கையால் அப்படியே எழுதட்டும்.

'பிள்ளையார்பாளையத்தில் 1964 ஜூன் மாதம் பிறந்த வடிவாம்பாள் என் மகள். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க எனக்குச் சம்மதம். அவளுக்குத் தகப்பனார் பெயர் சபாபதி என்று பதிவு செய்துகொள்ளவும். இப்படிக்கு, சபாபதி.'

நாலே வரி. தாயார் பெயர் என்று எதையும் எழுத வேண்டாம். அதை எழுத உங்கள் இரண்டு பேருக்கும் கை கூசும்.

வடிவாம்பாள் தறிச் சுவரில் கரித்துண்டால் தன் பெயரை எழுதிப் பழகுகிறாள். 'வ' வந்துவிட்டது. 'டி'யின் சுழியைத் தலைகீழாகப் போடுகிறாள்.

நீலாம்பாள்

*

பினாங்கு
11-3-1970

அக்கா,

அவர் எழுதிவிட்டார்.

மூன்று நாள் நான் சமைக்கவில்லை. ஒன்பது பேரும் சீனன் கடையில் சாப்பிட்டார்கள். முதலாளி மேலே வந்து, "இன்னாடா சபாபதி, பொண்டாட்டி கோபமா?" என்று சத்தம் போட்ட பிறகுதான் வழிக்கு வந்தார். நீ சொன்ன நாலு வரியும் அப்படியே, கையெழுத்தோடு இருக்கிறது. ஆனால் சான்று வந்து சேர்ந்த பிறகுதான் அனுப்பலாம் என்கிறார். நான் பிடுங்கி என் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டேன். சாவி என் கழுத்துக் கயிற்றில் இருக்கிறது. சான்று வருகிற அன்றே அனுப்புகிறேன், அம்சா மேல் ஆணை.

இதோடு நிறுத்தலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நீ எழுதியதைப் படித்த பிறகு முடியவில்லை. அவன் தடவிக் கொடுத்தான் என்று எழுதியிருக்கிறாயே. எனக்குப் பதினெட்டு வயது. கை வலிக்கப் போகிறதே என்ற பயத்தில் இருந்தேன். யார் தடவினார்கள் என்று எனக்குத் தெரியாது.

கப்பலில் எட்டு நாள். மேல்தளத்தில் நூறு பேருக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். நான் ஒரு முறை மாமா என்று கூப்பிட்டேன். பக்கத்துப் பாய்க்காரி திரும்பிப் பார்த்தாள். "இனிமே ஏங்கன்னு கூப்பிடு" என்றார். நான் அதை நடிப்பு என்று நினைத்தேன். இங்கே இறங்கியதும் முதலாளியிடம் என் சம்சாரம் என்று சொன்னார். ஒரே அறையைக் கொடுத்தார்கள். அதுவும் நடிப்பு என்று நினைத்தேன். ஒரு மாதம் வரை அவர் கீழே கடையில்தான் படுத்தார். பிறகு மேலே வந்தார். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. பாஸ்போர்ட் முதலாளியின் இரும்புப் பெட்டியில். கத்தினால், நீலாம்பாள் தன் புருஷனைக் கண்டு கத்துகிறாள் என்று சிரித்திருப்பார்கள். மூன்று மாதம் முடிந்து, திரும்புகிற கப்பல் வந்து போயிற்று. டிக்கெட்டே எடுக்கவில்லை.

உனக்கு இரண்டு கடிதம் எழுதினேன். ஜூலையில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. சீனக் கிழவிதான் தபாலில் சேர்த்தாள். அப்பாவை அனுப்பு, இல்லாவிட்டால் கடை முதலாளிக்கு உண்மையைச் சொல்லி ஒரு வரி போடு என்று எழுதியிருந்தேன். பதில் வருமென்று தீபாவளி வரை தினமும் மாடிப்படியில் காத்திருந்தேன். அப்பாதான் வாங்கி ஒளித்துவிட்டார் என்று இத்தனை வருஷமும் மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்படித்தானே அக்கா?

இந்திராணி

*

பிள்ளையார்பாளையம்
2-4-1970

இந்திராணிக்கு,

அப்பா ஒளிக்கவில்லை. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, அதைக்கூட மறந்துவிட்டாய். இரண்டு கடிதமும் என் கைக்குத்தான் வந்தன. ஜூலைக் கடிதத்தைக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே படித்தேன். செப்டம்பர்க் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உங்கள் கடை முதலாளியின் விலாசம் எனக்குத் தெரியும். ஒரு வரி போட்டிருந்தால் அவன் சபாபதியைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பான், உன்னை அடுத்த கப்பலில் ஏற்றியிருப்பான்.

போடவில்லை. கரண்டி பட்டபோது அலறினாயே, கடிதத்திலும் அதே குரல் கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் இங்கே தனியாகப் பிள்ளை பெற்றுக்கொண்டு கிடக்கும்போது நீ அங்கே சிரித்துக்கொண்டு இருக்கவில்லை என்று தெரிந்தது. அது போதுமாக இருந்தது. பொய் எழுத மாட்டேன். இரண்டும் ஜரிகைப் பெட்டியில் இன்னும் இருக்கின்றன.

சான்றும் அதே பெட்டியில்தான் இருக்கிறது. பங்குனி உற்சவத்துக்கு முந்தின வாரம் தாலுக்கா ஆபீஸ் போய் 'இந்திராணி' என்று கையெழுத்துப் போட்டு, முத்திரையோடு வாங்கி வந்துவிட்டேன். "அக்கா பினாங்குலயா? குடுத்து வெச்சவங்க" என்றான் குமாஸ்தா.

அனுப்பத்தான் வாங்கினேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு மனசு மாறிவிட்டது. நாலு வரி போதாது. ஐந்தாவதாக ஒரு வரி வேண்டும். 'என் மனைவி நீலாம்பாளை ஏமாற்றி, அவள் பெயரில் அவள் தங்கையைக் கூட்டி வந்து கெடுத்தேன்' என்று அவன் எழுத வேண்டும். அதற்குக் கடை முதலாளி சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அவன் எழுத மாட்டான், எனக்குத் தெரியும். ஏப்ரல் முப்பதாம் தேதி அந்த அதிகாரி முன்னால் அவன் வேர்த்து நிற்கட்டும். நீயும் பக்கத்தில் நில். பெயர் இல்லாமல் நான் ஆறு வருஷம் நின்றேன், நீங்கள் ஒரு நாள் நின்று பாருங்கள். அதற்குப் பிறகு அவனாகவே எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதுவான். ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

நீலாம்பாள்

*

பினாங்கு
9-5-1970

அக்காவுக்கு,

உன் சான்று தேவைப்படவில்லை.

முப்பதாம் தேதி போனோம். நீ விரும்பியபடி அவர் வேர்த்தார். கைக்குட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியிருக்கும். எனக்கு வேர்க்கவில்லை. மொழிபெயர்க்க ஒரு தமிழர் இருந்தார், ஆதிகேசவன் என்று பெயர். "ஊர்லேந்து கடுதாசி ஒண்ணும் வரலையாம்மா?" என்று கேட்டார். கூடப் பிறந்தவளுக்கு என் மேல் கோபம், அனுப்ப மாட்டாள் என்று சொன்னேன். பொய் இல்லையே. அதிகாரி என் பெயரைக் கேட்டார். நீலாம்பாள் என்றேன். உளறவில்லை. நீ கிள்ளிப் பழக்கியது வீண் போகுமா?

அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டி, அந்த வரியின் மேல் விரலை வைத்தார். நான் சொல்லாமலே வளையலை மேலே தள்ளி, கையை மேசையில் வைத்தேன். போட்டோவை அவர் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. தழும்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஆதிகேசவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். வெளியே வந்ததும் ஆதிகேசவனிடம் கேட்டேன். "இவ்வளவு ஆழமா யாரும் வேணும்னு சுட்டுக்க மாட்டாங்கன்றாரு" என்றார். முத்திரை குத்திவிட்டார்கள்.

தொட்டு எடுத்திருந்தால் இத்தனை வருஷத்தில் மங்கியே போயிருக்கும் அக்கா. சான்றை நீ அன்றைக்கே என் கையில் எழுதிக் கொடுத்துவிட்டாய்.

வீட்டுக்கு வந்ததும் மாமா அந்த நாலு வரியைக் கேட்டார், கிழித்துப் போட. தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். தொலையவில்லை. டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

உன் ஏப்ரல் கடிதம் வருவதற்கு முந்தின நாள் அதைத் தபாலில் சேர்த்துவிடலாம் என்று உறையில் போட்டு விலாசம்கூட எழுதிவிட்டேன். சான்று வராவிட்டால் போகிறது, குழந்தை என்ன செய்தது என்று நினைத்தேன். மறுநாள் உன் கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன் என்று எழுதியிருந்தாய். நானும் அதை இரண்டு தடவை படித்தேன்.

என் கடிதங்களை ஆறு வருஷம் வைத்திருந்தாய். நானும் ஆறு வருஷம் வைத்திருந்து அனுப்புகிறேன். அப்போது வடிவாம்பாளுக்குப் பன்னிரண்டு வயது முடியும்.

நீலாம்பாள் சபாபதி

*

பிள்ளையார்பாளையம்
24-5-1970

இந்திராணிக்கு,

அந்தப் பெயரில் என்னிடமே கையெழுத்துப் போட உனக்கு எவ்வளவு துணிச்சல்!

உன்னைக் காட்டிக்கொடுக்கத்தான் நினைத்தேன். நேராகத் தாலுக்கா ஆபீஸ் போய், 'நான்தான் நீலாம்பாள், பினாங்கில் இருப்பவள் என் தங்கை, அந்த அதிகாரிக்கு எழுதுங்கள்' என்று சொன்னேன். அதே குமாஸ்தா. "இன்னாமா வெளாட்டா இருக்குதா? ரெண்டு மாசம் முன்னாடி இந்திராணின்னு கையெழுத்துப் போட்டுட்டு இன்னிக்கி நீலாம்பாள்ன்ற? பொய்க் கையெழுத்துக்கு உள்ள போறியா?" என்றான். என்னிடம் இருக்கிற தாள் எல்லாவற்றிலும் இந்திராணிதான். என் முன்கையைக் காட்டினேன். "எல்லார் வூட்லயும்தான் சுட்டுக்கினு இருக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

சரி, நீ ஜெயித்துவிட்டாய். ஐந்தாவது வரி வேண்டாம். சாட்சி வேண்டாம். பள்ளிக்கூடம் ஜூன் எட்டாம் தேதி திறக்கிறது. அந்த நாலு வரியை இந்த வாரமே தபாலில் சேர்.

நீலாம்பாள்

*

பிள்ளையார்பாளையம்
21-6-1970

இந்திராணி,

நான் போட்ட கடிதம் திரும்பி வரவில்லை. அதனால் உன் கையில் கிடைத்தது என்று தெரியும்.

எட்டாம் தேதி அவளுக்குப் புதுப் பாவாடை கட்டிக் கூட்டிப்போனேன். சம்பூர்ணத்தின் பேத்தியை உள்ளே உட்கார வைத்தார்கள். ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்து, "லெட்டர் வந்துடுச்சா?" என்றார். கடல் கடந்து வர நாளாகும் என்று சொன்னேன். "இந்த மாசம் முழுக்கப் பேர் சேப்பேன். அப்பறம் அடுத்த வருஷம்தான்மா" என்றார். திரும்பி வரும்போது வடிவாம்பாள், "எங்க அப்பா பேர நானே எழுதுறேம்மா, அந்த சாருகிட்ட காட்டு" என்றாள். வந்ததும் சுவரில் எழுதினாள். 'ச' மட்டும் சரியாக வந்தது.

தாலுக்கா ஆபீசில் வாங்கிய சான்றை இதோடு வைத்திருக்கிறேன். உன் இரண்டு கடிதங்களும் உள்ளே இருக்கின்றன. இனி உன்னுடையது எதுவும் என்னிடம் இல்லை. என்னுடையதை அனுப்பு.

நீலாம்பாள்

*

பிள்ளையார்பாளையம்
16-8-1970

நீலாம்பாள் அக்காவுக்கு,

உன் பெயரை நீயே வைத்துக்கொள். புருஷனையும் வைத்துக்கொள். இனி நான் எங்கேயும் போய் வேறு பெயர் சொல்ல மாட்டேன்.

ஜூன் முடிந்து, ஜூலையும் முடிந்துவிட்டது. ஆடி அமாவாசைக்கு மறுநாள் முதலாளி புதுப் பாவு கொண்டுவந்து போட்டான். அரக்கு உடல், பச்சைக் கரை. பிணைத்து முடித்துவிட்டோம். எதிர்ப்பக்கம் அவள்தான் உட்காருகிறாள். விரல் எட்டவில்லை என்று இடுப்புக்குக் கீழே ஒரு பலகை போட்டுக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயம் தோய்த்த நூலை முறுக்கிப் பிழிகிற இடத்தில் கொப்பரை விளிம்பு பட்டு அவள் கை சுட்டுக்கொண்டது. இடது முன்கை. பெரிதாக ஒன்றும் இல்லை. மங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

தகப்பன் லெட்டர் வந்தால் நடுவிலேயே சேர்த்துக்கொள்கிறேன் என்று ஹெட்மாஸ்டர் இரங்கிச் சொல்லியிருக்கிறார். ஆயுத பூஜை வரை இடம் வைத்திருப்பாராம்.

உன் கையில் கரண்டியை வைத்தது நான். அவள் அப்போது பிறக்கவே இல்லை.

அந்த நாலு வரியை அனுப்பு.

இந்திராணி